முப்பத்தேழாம் பக்கம்

புத்தகத்தில் எழுதக் கூடாது என்று நூலக வாசலிலேயே பலகை மாட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வந்துதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

வேலைவெட்டி இல்லாமல் எழுதுகிறவர்களை விட்டுவிடலாம். அவர்களுக்கென்றே லைப்ரரியம்மா மேசை இழுப்பறையில் நாலு ரப்பர் வைத்திருக்கிறாள். காதல் கடிதத்தின் முதல் வரி, யாருடைய தொலைபேசி எண்ணோ, மீசை வரையப்பட்ட கதாநாயகி, எல்லாவற்றையும் மத்தியானத்தில் கூட்டம் ஓய்ந்த பிறகு உட்கார்ந்து அழிப்பாள். ஒரு நாவலின் முதல் பக்கத்தில் "இதைப் படிக்காதே, உருப்பட மாட்டாய்" என்று யாரோ எழுதியிருந்ததை மட்டும் அழிக்காமல் விட்டுவைத்தாள். அந்த நாவலை அவளும் படித்திருந்தாள்.

இன்னொரு வகை உண்டு. அது அடையாளம். ஆயிரம் இரண்டாயிரம் புத்தகம் படித்தவனுக்குத் தலைப்பை வைத்து எதுவும் ஞாபகம் இருக்காது. பைண்டிங் செய்தால் அட்டை மாறிவிடும். ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போய், காலை நீட்டி உட்கார்ந்து முப்பது பக்கம் படித்த பிறகு, "அட, இதில் தோட்டக்காரன்தானே கொன்றவன்" என்று தெரியவந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் தொடர்ந்து படிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், ஒரு குறி. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐம்பதாம் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் அடிப்பார். தையல்காரர் நூறாம் பக்கத்து எண்ணில் ஊசியால் ஒரு துளை போடுவார், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். இரவு வேலை முடிந்து வருகிற நர்ஸம்மா கடைசித் தாளின் மூலையை எறும்பளவு மடிப்பாள். "ராத்திரி பூரா ரத்தத்தைப் பாத்துட்டு வர்றேன், கடைசியில யாராவது கல்யாணம் பண்ணிக்கணும், அந்த மாதிரிக் குடுங்க" என்பாள்.

இந்த அடையாளங்களை லைப்ரரியம்மா தொடுவதே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கிளை நூலகத்தில் இருக்கிறாள். ஒரு புத்தகத்தைப் பிரித்தால் அதற்குள் எத்தனை பேர் நடந்துபோயிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். சம்பளத்தில் சேராத சந்தோஷம் அது.

அவளுடைய கணவருக்கும் ஒரு குறி உண்டு. மருந்துக்கடையில் கம்பவுண்டர். துப்பறியும் கதை தவிர வேறு எதையும் தொடமாட்டார். முப்பத்தேழாம் பக்கத்தில், பக்க எண்ணுக்குக் கீழே, நீல மையில் ஒரு புள்ளி. ஏன் முப்பத்தேழு என்று கேட்டால், "எப்பேர்ப்பட்ட கதையா இருந்தாலும் அந்தப் பக்கத்துக்குள்ள ஒரு பொணம் விழுந்துடும். அதுக்கு ஒரு மரியாதை" என்பார்.

போன வருஷம் முழங்கால் வலி வந்து நூலகத்தின் படியேற முடியாமல் போனதிலிருந்து அவருக்கான புத்தகங்களை அவள்தான் எடுத்துப்போகிறாள். சனிக்கிழமை இரண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கையை நீட்டுவார். முதலில் முப்பத்தேழைப் புரட்டுவார். புள்ளி இருந்தால், "இது முடிஞ்ச கேஸு. லைப்ரரிக்கே மறதி வந்தா ஊரு என்னாகும்?" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவைப்பார். புள்ளி இல்லாவிட்டால் கண்ணாடியைத் துடைப்பார். "கொலைகாரன் யாருன்னு சொல்லிடாதே" என்பார். அவள் அவருக்கு முன்னால் படித்துவிட்டுத்தான் கொண்டுபோவாள் என்பது அவருக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் அவர் ஒன்றையும் தள்ளிவைப்பதில்லை. அவருடைய ருசி தனக்கு அத்துப்படியாகிவிட்டது என்று அவள் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. நாலு நாளாக விடாத மழை. திரும்பி வந்த புத்தகங்கள் எல்லாம் நமுத்துப்போயிருந்தன. அவற்றை நீள மேசையில் விரித்து மின்விசிறியைப் போட்டுவிட்டாள். ஜன்னலோரம் பைண்டர் அண்ணன் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கிழிந்த புத்தகங்களின் முதுகை ஒட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவருக்கு இங்கேதான் வேலை.

ஸ்டேஷன் மாஸ்டர் குடையை உதறிவிட்டு உள்ளே வந்து, ஒரு தடிப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"என்ன சார், நல்லா இருந்துச்சா?"

"நல்லாவா? மூணு நாளா யார்கிட்டயும் பேசலம்மா. வீட்டுல சண்டையே வந்துடுச்சு. ஒரே ஒரு வருத்தம்தான்."

"என்ன?"

"முடிஞ்சுபோச்சே. இதை அப்படியே மறந்துட்டு, மறுபடி முதல் பக்கத்துல இருந்து புதுசா படிக்கக் குடுத்துவெச்சா எப்படி இருக்கும்!"

நல்ல புத்தகம் படித்த எல்லோரும் சொல்வதுதான் இது. அவளும் சிரித்தாள். இப்படி ஏங்குகிறவர்கள் இருக்கும்வரை நூலகத்துக்கு அழிவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் போனபின் ஈரப் புத்தகங்களைத் திருப்பிப்போட வந்தாள். மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்று காற்றில் படபடத்தது. கலங்கரை விளக்கத்துக்குள் நடக்கிற கொலைக் கதை. கணவருக்குக் கொடுத்து நேற்றுத்தான் திரும்பி வந்தது. சும்மா, ஒரு பழக்கத்தில், முப்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தாள்.

நாலு புள்ளிகள் இருந்தன.

வரிசையாக, ஒரே நீல மையில், ஒன்றையொன்று தொடாமல். முதல் புள்ளி மங்கியிருந்தது. நாலாவது புதுசு.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாராவது வைத்திருப்பார்களோ என்று பார்த்தாள். அவருடைய புள்ளியை அவளுக்குத் தெரியாதா? மாத்திரை உறையில் காலை, மதியம், இரவு என்று எழுதிப் பழகிய கை. பேனாவை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றி வைப்பார். நாலும் அவருடையவைதான். பின்னட்டைப் பையிலிருந்த அட்டையை உருவினாள். புத்தகம் எடுக்கிறவரின் எண்ணும் தேதியும் எழுதுகிற அட்டை. அவருடைய எண் இருநூற்றுப் பன்னிரண்டு. எட்டு மாதத்துக்குள் நாலு தடவை அந்த எண் இருந்தது. எல்லாம் சனிக்கிழமைத் தேதிகள். எழுத்து அவளுடையது.

ஒரு நாளைக்கு நூறு அட்டை எழுதுகிற கை. மேலே என்ன இருக்கிறது என்று கண் பார்ப்பதில்லை. எந்தப் புத்தகம் வீட்டுக்குப் போனது என்று அவள் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? அதற்குத்தானே புள்ளி? அவர் தான் வைத்த புள்ளியைத் தானே பார்த்து, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றை வைத்து, அதையும் மறந்து, மூன்றாவது, நாலாவது...

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் பைண்டர் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. இந்தப் பசை வாடை." எழுந்து ஃபிளாஸ்கைத் திறந்தாள். "டீ குடிக்கிறீங்களா?"

"இப்பத்தானே குடுத்தீங்க." அவர் பக்கத்திலிருந்த டம்ளரைக் காட்டினார். அதில் பாதி டீ இருந்தது.

மனசு ஒரு நிலையில் இருந்தால்தானே.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் துப்பறியும் கதை அடுக்கின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் புத்தகம். ஒவ்வொன்றாக எடுத்து முப்பத்தேழைப் பார்த்தாள். இரட்டைப் புள்ளி உள்ளதைத் தனியே வைத்தாள். அதன் அட்டையில் தேதி பார்த்தாள். ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினாள்: புத்தகம், புள்ளி, தேதி. இத்தனை வருஷம் எத்தனையோ துப்பறிவாளர்களை அவள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கு அவர்கள் செய்கிற வேலையை அவளே செய்துகொண்டிருந்தாள். தேடிக்கொண்டிருந்தது அவருடைய புத்தி எந்தத் தேதியில் வழுக்கத் தொடங்கியது என்பதை.

பதினொரு புத்தகம் கிடைத்தது. மிகப் பழைய இரட்டைப் புள்ளி எட்டு மாதத்துக்கு முந்தையது. அதற்கு முன் எதிலும் ஒற்றைப் புள்ளிதான்.

புத்தகம் மறந்தால் போகட்டும், அது கதை. அவர் பொழுதுக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். இதயத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, பார்ப்பதற்கு எல்லாம் வெள்ளை வட்டம். பத்து மில்லிகிராமும் நூறு மில்லிகிராமும் ஒரே மாதிரி டப்பா. ஒரு நாள் கை தவறினால்? ஒரு கிழவி அவரை நம்பி வாயில் போட்டுக்கொண்டால்?

அன்று வீட்டில் அவரைக் கவனிக்கத் தொடங்கினாள். கவனிக்கத் தொடங்கினால் எல்லாம் கண்ணில் படுகிறது. சாப்பிட்டு முடித்ததும் அவர் எழுந்துபோய் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்தார். கூடத்துக்கு வந்தார். திரும்பப் போய் மறுபடி தொட்டுப் பார்த்தார். அலமாரியில் உப்பு ஜாடிமேல் 'உப்பு', சர்க்கரை ஜாடிமேல் 'சர்க்கரை' என்று மருந்துக்கடைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. எப்போது ஒட்டினார்? முப்பத்திரண்டு வருஷமாக அதே ஜாடி, அதே இடம். இதற்கு எதற்குச் சீட்டு?

கொஞ்ச நாளாக மத்தியானங்களில் அவர் வீட்டுக்கு வந்துபோகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். கேட்டதற்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார். வாரத்துக்கு மூன்று நாள் கண்ணாடியை மறப்பானா ஒருத்தன்?

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றையும் எழுதினாள். அடுப்பு. சீட்டு. கண்ணாடி. மேலே தலைப்பாக 'அவருக்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். எழுதிவிட்டுச் சத்தம் வராமல் அழுதாள்.

புதன்கிழமை வெளியூரில் இருக்கிற மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி.

"கேளு. பதறாதே. அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

"கேக்குதா?"

"கேக்குதும்மா. அப்பாவுக்கா?"

"பின்ன யாருக்கு? ஒரே புத்தகத்தை நாலு தடவை படிச்சிருக்காரு. நாலு தடவையும் புதுசாட்டம். அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. ஜாடிக்கெல்லாம் சீட்டு ஒட்டுறாரு. எனக்கு ரொம்பப் பயமா இருக்குடி. அவரு கையால மருந்து வாங்கிட்டுப் போறாங்க ஜனங்க."

"அம்மா, நீ அப்பாகிட்ட பேசினியா?"

"அவருகிட்ட என்னத்தைப் பேசுறது? உங்களுக்கு மூளை கலங்குதுன்னா? தாங்குவாரா மனுஷன்? திங்கக்கிழமைக்கு நரம்பு டாக்டர்கிட்ட சீட்டு போட்டுட்டேன். முழங்காலுக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"சீட்டு போட்டியா? நீயாவே?" மகளின் குரல் ஒரு மாதிரி உடைந்தது. "நல்லதுதாம்மா. ரொம்ப நல்லது. நான் ஞாயித்துக்கிழமையே வந்துடறேன்."

"நீ எதுக்கு லீவு போட்டுக்கிட்டு?"

"வர்றேம்மா. அப்பாகிட்ட மட்டும் ஒரு தடவை பேசிடு. இன்னைக்கோ நாளைக்கோ. அவரே சொல்லுவாரு."

என்ன பெண் இது, அவருக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்வார் என்று எரிச்சலோடு வைத்தாள்.

திங்கட்கிழமைவரை எப்படிப் பொறுப்பது? வியாழக்கிழமை காலை நூலகத்தைத் திறந்ததிலிருந்து அதே நினைப்புத்தான். ஒரு நாளைக்கு நூறு பேர் அந்தக் கடைக்கு வருகிறார்கள். தனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்து, யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? கடை முதலாளியிடம் நாசூக்காகச் சொல்லி நாலு நாள் லீவு கொடுக்கச் செய்யலாம். சொன்னால் அவர் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். முப்பது வருஷம் ஒரு மருந்து மாறியதில்லை என்பதுதான் அவருக்கு இருக்கிற ஒரே சொத்து.

பன்னிரண்டு மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டாள். குடை வைக்கிற மூலையில் அவளுடைய குடை இல்லை. யாரோ தங்களுடையது என்று எடுத்துப்போயிருக்கிறார்கள். புத்தகம் படிக்கிறவர்களே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? "கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே" என்று பைண்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டு, புத்தகம் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளைத் தலைமேல் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி. அதை ஒட்டி மூடிக் கிடந்த கடையின் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றாள். கண்ணாடி மேசைக்குப் பின்னால் அவர் நின்றார். ஒரு கிழவர் மருந்துச் சீட்டை நீட்டினார். அவர் சீட்டைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார்.

"போன மாசம் பாதி மாத்திரைதானே சாப்பிட்டீங்க? இப்ப முழுசு எழுதியிருக்காரு. டாக்டர் மாத்திச் சொன்னாரா, இல்ல கை தவறி எழுதிட்டாரா?"

"தெரியலையேப்பா."

"இருங்க, கேட்டுடறேன்." தொலைபேசியை எடுத்தார். பேசினார். "பாதிதான். நல்லவேளை. தண்ணி நிறையக் குடிங்க. போன தடவை கால் வீங்கியிருந்துச்சே, இப்ப தேவலையா?"

அவள் அங்கேயே நின்றாள். டாக்டர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிறார். ஒரு மாதத்துக்கு முந்தைய கால் வீக்கம் ஞாபகம் இருக்கிறது. இந்த மனிதருக்கா மறதி? ஒரு கணம் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கினாற்போல இருந்தது. அப்புறம் அந்த நாலு புள்ளி ஞாபகம் வந்தது. தொழில் ரத்தத்தில் ஊறியது, அது கடைசியில்தான் போகும் என்று எங்கேயோ படித்திருந்தாள்.

மருந்துக்கடைக்கு முன்னால் வந்தாள். அவர் தலைநிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிழல் விழுந்து மறைந்தது.

"என்னம்மா, மறுபடியும் வந்துட்டே?"

"மறுபடியுமா? இப்பத்தானே வர்றேன்?"

"ஆமா, ஆமா. நான் வேற யாரையோ நினைச்சுட்டேன். நனைஞ்சுட்டியே. ஏதாவது வேணுமா?"

முதலாளி உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "தலைவலி மாத்திரை" என்றாள். அவர் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து நோட்டில் எழுதினாள்: இன்று நான் கடைக்கு இரண்டாவது தடவை வருவதாக நினைத்தார்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது.

மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது விளக்கைப் போட்டுவிட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் அட்டைப் புத்தகம், அதன்மேல் நோட்டு. அவர் ஒரு பையை வாசலோரம் வைத்தார். மேசையைப் பார்த்தார். சட்டையைக்கூட மாற்றாமல் எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா ஊர்லேருந்து கூப்பிட்டா. நீ பேசுவேன்னு சொன்னா" என்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

அவள் புத்தகத்தைப் பிரித்து முப்பத்தேழாம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினாள். "இது என்னங்க?"

அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது.

"நாலு புள்ளி" என்றார்.

"நாலு தடவை படிச்சிருக்கீங்க. பதினொரு புத்தகத்துல இப்படி இருக்கு. எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, இப்பெல்லாம் மருந்து இருக்கு, உங்களுக்குத் தெரியாததா? திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் கடைக்கு லீவு சொல்லிடுங்க. நான் கூடவே இருக்கேன்."

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தது யாரும்மா?"

"நான்தான்."

"நாலு தடவையும்?"

"நான்தான் கொண்டு வந்தேன். அதுக்கென்ன? புள்ளி இருந்தா நீங்கதானே தள்ளி வைக்கணும்? அதுதானே வழக்கம்?"

"தள்ளி வெச்சேன். ரெண்டாவது தடவை கொண்டு வந்தப்ப சொன்னேன், 'போன மாசம்தானேம்மா குடுத்தே'ன்னு. நீ இல்லவே இல்லன்னே. சண்டை போட்டே. இப்பத்தான் படிச்சேன், நேத்து முடிச்சேன், உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்னு சொன்னே. புள்ளியைக் காட்டினேன். அதைப் பாத்துட்டு உன் முகம் போன போக்கு இருக்கே..." அவர் நிறுத்தினார். "காலையில உனக்கு அந்தச் சண்டையே ஞாபகம் இல்ல. அதுக்கப்புறம் நான் எதையும் தள்ளி வைக்கல. குடுத்ததைப் படிச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். அவர் சொல்வது காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றது.

"இல்ல" என்றாள். "நீங்க மறந்துட்டுச் சொல்றீங்க. இந்த நோய்ல அப்படித்தான் தோணும். அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறது யாரு?"

"மூணு தடவை நீ அணைக்காம விட்டுட்டே."

"ஜாடிக்குச் சீட்டு?"

"டீயில உப்பு போட்டே. ரெண்டு நாள். நான் குடிச்சுட்டேன்."

"மத்தியானம் கண்ணாடி மறந்துட்டேன்னு வீட்டுக்கு வந்தது?"

"அடுப்பு, கதவு எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்."

நோட்டில் இருந்த ஒவ்வொரு வரியும் அவள் கண்முன்னாலேயே திரும்பி நின்று அவளைப் பார்த்தது. அவளிடம் ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னைக்கு மத்தியானம் 'மறுபடியும் வந்துட்டியா'ன்னு கேட்டீங்களே? அது?"

அவர் எழுந்துபோய் வாசலோரம் வைத்த பையைக் கொண்டுவந்தார். அதற்குள்ளிருந்து ஒரு குடையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவளுடைய குடை. கைப்பிடியில் நூலக முத்திரை ஒட்டிய குடை.

"காலையில பத்தரைக்கு வந்தே. இதே நோட்டை வெச்சுக்கிட்டு நின்னே. தலைவலி மாத்திரை கேட்டே. குடுத்தேன். குடையை வெச்சுட்டுப் போயிட்டே."

கைப்பையைத் திறந்தாள். ஒரே மாதிரி இரண்டு மாத்திரை உறைகள் இருந்தன. இரண்டிலும் அவருடைய எழுத்து.

அந்த நிமிஷம் அவளுக்கு வந்த பயத்தை எதோடும் ஒப்பிட முடியாது. இரண்டு நாளாக அவருக்காகப் பட்ட பயமெல்லாம் இதன் கால்தூசிக்குக் காணாது. வீட்டுக்குள் ஒரு திருடன் இருக்கிறான் என்று விளக்கை எடுத்துக்கொண்டு மூலை மூலையாகத் தேடினாள். அவன் விளக்கைப் பிடித்த கையிலேயே இருந்தான். மஞ்சள் அட்டைப் புத்தகத்தின் பின்னட்டைப் பையிலிருந்த அட்டையை உருவினாள். இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றின் கீழ் ஒன்றாக, அவளுடைய கையாலேயே.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"எட்டு மாசம்."

"பாப்பாவுக்கு?"

"தெரியும்."

"பைண்டர் அண்ணனுக்கு?"

"நான்தான் உன்னைப் பாத்துக்கச் சொன்னேன்." பைண்டர் அண்ணன் மூன்று நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து எதை ஒட்டிக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊருக்கெல்லாம் எந்தப் புத்தகம் எந்த அடுக்குல இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றவ நீ. கடைக்கு வர்ற டாக்டர்கிட்ட யாருக்கோ கேக்குற மாதிரி கேட்டேன். கூட்டிட்டு வான்னாரு. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை தடவைன்னு கணக்கு வேணும்னாரு. வீட்டுல எழுதி வெச்சா நீ பாத்துடுவே. புத்தகத்துல ஒரு புள்ளி வெச்சா யாரு பாக்கப்போறாங்கன்னு நினைச்சேன்."

"லைப்ரரியன் பாக்க மாட்டாளா?"

"அது தோணல" என்றார். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது இருவரிடமிருந்தும்.

சிரிப்பு ஓய்ந்ததும் பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. வெறும் காலோடு குளிர்ந்த தரையில் நிற்பதுபோல் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் படித்ததெல்லாம் எங்கே போகும்? கதவைச் சாத்திக்கொண்டு படித்து அழுதவை, ஸ்டேஷன் மாஸ்டரோடு வாக்குவாதம் செய்தவை, பாப்பாவுக்குக் காய்ச்சலில் வாசித்துக் காட்டியவை?

"முதல்ல புத்தகம் போகுது. அப்புறம் அடுப்பு, குடை. அப்புறம் என்ன போகும்? அப்புறம் நீங்களா?"

அவருக்குத் தெரியாத மருந்து இல்லை. அவளுடைய கையை மறுபடி எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். 'அவருக்கு' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'எனக்கு' என்று எழுதினாள். மற்ற எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நேர்த்தியாகத் தயாரித்திருந்தாள்.

"திங்கக்கிழமை போட்ட சீட்டு அப்படியே இருக்கட்டும்" என்றாள். "பேரை மட்டும் மாத்திடுங்க. இன்னொண்ணு. இனிமே நான் குடுத்த புத்தகத்தையே மறுபடி கொண்டு வந்தா சொல்லிடணும். மறைக்கக் கூடாது."

"சொன்னா பயப்படுவியே."

"பயப்படுறேன். பயந்துக்கிட்டே தெரிஞ்சுக்கறேன். தெரியாம இருக்க என்னால முடியாது."

அவர் தலையசைத்தார்.

சட்டைப் பையிலிருந்த அவருடைய பேனாவை எடுத்தாள். புத்தகத்தில் எழுதக் கூடாது என்ற பலகையை அவள்தான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டினாள். முப்பத்தேழாம் பக்கத்தில், நாலு புள்ளிக்கும் பக்கத்தில், சின்னதாக ஒரு கோடு போட்டாள். வாழ்க்கையில் அவள் ஒரு புத்தகத்தில் போட்ட முதல் அடையாளம். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினாள். புயலில் கலங்கரை விளக்கத்துப் படிக்கட்டில் ஒருத்தி ஏறிக்கொண்டிருந்தாள். கையில் விளக்கு இல்லை. மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. இந்த வரியை அவள் நாலு தடவையாவது படித்திருக்க வேண்டும். ஒரு சொல்கூட முன்பின் தெரிந்ததாக இல்லை. மேலே நடப்பது யார் என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஆசைப்பட்டாரே, அது இதுதான். இத்தனை நல்ல கதையா என்று மனசு ஒரு பக்கம் தாவியது. தாவியதைப் பார்த்தே அவளுக்குப் பயமாக இருந்தது.

"கொலைகாரன் யாருன்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பின் திருகு மூடுகிற சத்தம் கேட்டது. அதை எப்போது பற்றவைத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். வரவில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, இடம் தவறிவிடாமல், அடுத்த வரியைப் படித்தாள்.